பின் சில்லின் வெள்ளைப் புள்ளி

எங்கள் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதற்காகவே வாப்பா வருடக்கணக்காக லொறி ஓடி, சாய்ந்தமருதில் கடலுக்குப் போகும் ஒழுங்கையில் ஒரு வீட்டைக் கட்டினார். கட்டி முடித்த கையோடு அதை மூத்த மகளான ராத்தாவின் பேருக்கு எழுதிவிட்டு, உம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு அதே வளவின் பின்பக்கத்தில் இரண்டு அறைகளுக்குள் ஒதுங்கிக்கொண்டார். முன் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தார். மற்ற வீடுகளுக்கு வருகிற மாப்பிள்ளைகள் உடுப்புப் பெட்டியோடு வருவார்கள். எங்கள் மச்சான் ஒரு பந்தயக் காரோடு வந்தார்.

பந்தயக் கார் என்றதும் தரையோடு ஒட்டிக்கொண்டு பறக்கும் ஏதோ ஒன்றை நினைத்துவிட வேண்டாம். பழைய ஜப்பான் கார்தான். சிவப்பு என்று சொல்லக்கூடிய நிறம். கார் கவிழ்ந்தாலும் கூரை தலையில் இறங்காதபடி உள்ளே இரும்புக் குழாய்களை வளைத்துக் கூடு போல ஒட்டவைத்திருந்தார்கள். பந்தயத்துக்காகக் கழற்றி வைத்திருந்த பின் சீட்டைக் கல்யாணத்துக்காகத் திரும்பப் பூட்டியிருந்தார். உம்மா முதல் நாள் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, மருமகன் ஆட்டுக்கூட்டுக்குச் சில்லுப் பூட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

மச்சான் கட்டாரில் பந்தயக் கார்களைத் திருத்தும் ஒரு கராஜில் வேலை பார்த்தவர். ஊருக்குத் திரும்பி வந்து கல்முனையில் ஒரு கராஜில் சேர்ந்திருந்தார். மலைநாட்டுப் பக்கம் கிறவல் மண் பாதையில் கார்ப் பந்தயம் நடந்தால் போய் ஓடுவார். நிக்காஹ் பேசி முடித்த பிறகு நடந்த ஒரு பந்தயத்தில் அவருடைய கார் கவிழ்ந்தது. யாரோ அதைப் போனில் பிடித்திருந்தார்கள். அந்தப் படம் எங்கள் ஊரில் போகாத வீடு இல்லை. கார் இரண்டு தரம் புரண்டு, புழுதி அடங்கி, மச்சான் ஒரு கையை மறு கையால் பிடித்துக்கொண்டு வெளியே வருவார். ராத்தா அதை ஒரே ஒரு தரம் பார்த்தாள். அதன்பிறகு போன் அடித்தாலே அவள் முகம் வெளுத்துப்போகும். நிக்காஹ் நாளன்று மாப்பிள்ளை ஒரு கையில் கட்டோடு வந்து உட்கார்ந்ததை எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் மறக்கவில்லை.

வாப்பாவும் மச்சானும் நேருக்கு நேர் கதைப்பதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது, அது மரியாதை. மாமனாரும் புது மருமகனும் சலாம் சொல்லிக்கொள்வார்கள், பள்ளிவாசலுக்கு முன்னுக்குப் பின் நடந்து போவார்கள், மற்ற விசயமெல்லாம் வேறொருவர் வாயால்தான் போய்ச் சேரும். பெரும்பாலான வீடுகளில் அந்த வாய் உம்மாவினுடையதாக இருக்கும். எங்கள் உம்மா ஒன்றைக் கொண்டுபோனால் அது நாலாகப் போய்ச் சேரும் என்று வாப்பாவுக்குத் தெரியும். அதனால் பத்து வயதான என்னை அந்த வேலைக்கு வைத்துக்கொண்டார். நான் கேட்டதைக் கேட்டபடி கொண்டுபோய்ச் சேர்ப்பேன். ஒரு சொல் கூட்டமாட்டேன், ஒரு சொல் குறைக்கமாட்டேன். இதில் எனக்கு இருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. பின் வீட்டுக்கும் முன் வீட்டுக்கும் நடுவில், வாப்பாவின் லொறியும் மச்சானின் காரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் வேம்பின் கீழாக, நான் கைகளை வீசிக்கொண்டு நடப்பேன்.

நான் கொண்டுபோன செய்திகளில் பெரியது இதுதான். அடுத்த பந்தயத்தில் மச்சான் ஓடலாம். முதல் மூன்று பேருக்குள் வந்தால் அதற்குப் பிறகும் ஓடுவது அவருடைய இஷ்டம். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வராவிட்டால் கூட்டைக் கழற்றிவிட்டு அதை வீட்டுக் காராக்கிவிட வேண்டும். மச்சான் ஒரு டயரின் மேல் உட்கார்ந்து இதைக் கேட்டார். கொஞ்சம் யோசித்தார். சம்மதம் என்று மாமாவிடம் சொல்லச் சொன்னார். ராத்தா சன்னலுக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு மச்சான் வெல்ல வேண்டும். அதில் இரண்டு பேச்சே இல்லை. வகுப்பில் எந்தப் பிள்ளையின் மச்சானிடமும் அப்படி ஒரு கார் கிடையாது. கூடு கழற்றிய கார் யாரிடமும் இருக்கும்.

மச்சான் சொன்னபடி பார்த்தால், வெற்றியும் தோல்வியும் இஞ்சினில் இல்லை, சொக்கப்சரில்தான் இருந்தது. சில்லுக்குச் சில்லு ஸ்பிரிங்கோடு சேர்ந்து நிற்கும் தடித்த குழாய் அது. ஒருநாள் காலை முற்றத்தில் பன்பாய் விரித்து இரண்டு சோடி சொக்கப்சர்களை அதன்மேல் அடுக்கினார். ஒன்று கொழும்பில் இருந்து எடுப்பித்தது, புதுசு, பளபளவென்று இருந்தது. மற்றது கட்டாரில் அவருடைய முதலாளி கழற்றிக் கொடுத்தது, பழசு, கீறல் விழுந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, கேஸ் சிலிண்டர் இவ்வளவு சின்னதாகவும் வருகிறதா என்று கேட்டுப் போனார்கள். மச்சான் என்னை ஒவ்வொன்றாக அமத்திப் பார்க்கச் சொன்னார். புதியதை முழுப் பலத்தோடு அமத்தினேன்; கையை எடுத்ததும் விறைப்பாக மேலே வந்து என் நாடியில் இடிக்கப் பார்த்தது. பழையது அமத்தும்போது இசைந்து கொடுத்தது, திரும்பும்போது அவசரப்படாமல் வந்தது.

ஸ்பிரிங் என்பது கண்மண் தெரியாமல் துள்ளுகிற சாமான் என்றார் மச்சான். பள்ளத்தில் விழுந்தால் துள்ளும், துள்ளினதுக்காக மறுபடி துள்ளும். சில்லு மண்ணை விட்டு எழும்பினால் அந்த நேரத்துக்குக் காரைப் பிடிக்கவும் ஏலாது, திருப்பவும் ஏலாது. அந்தத் துள்ளலை அடக்கிச் சில்லை மண்ணோடு வைத்திருப்பதுதான் இந்தக் குழாயின் வேலை. அடக்குவது குறைந்தால் கார் தொட்டில் மாதிரி ஆடும். கூடினால் சில்லு பள்ளத்துக்குள் இறங்கவே மறுத்து மேடு மேடாகத் தாவும். அளவு எவ்வளவு என்பது பாதைக்குப் பாதை, பாரத்துக்குப் பாரம் மாறும். பழைய சோடியின் தலையில் ஒரு திருகு இருந்தது. திருப்பினால் கிளிக் கிளிக் என்று சத்தம் கேட்கும். ஒரு கிளிக்குக்கு ஒரு பங்கு இறுகும். புதியதில் அப்படி ஒன்றும் இல்லை, கடையில் வைத்த இறுக்கம்தான் கடைசிவரை. அதனால் பழையதைத்தான் பூட்டினார். பளபளப்பைப் பார்த்து ஏமாறாத மாப்பிள்ளை என்று உம்மாவுக்கு அன்று அவர்மேல் கொஞ்சம் மதிப்பு ஏறியது.

பூட்டிய அன்று பின்னேரம் மச்சான் தனியே போனார். காரைதீவுச் சந்தியால் திரும்பிச் சம்மாந்துறைப் பக்கம் போனால் வயல் வட்டைக்குள் வாய்க்கால் ஓரமாக ஒரு கிறவல் பாதை இருக்கிறது. அறுவடை முடிந்து உழவு மெசின்கள் போய்வந்து அது வரிவரியாக மேடு விழுந்து கிடந்தது. பந்தயப் பாதையும் இதே மாதிரித்தான் என்று அவர் சொல்லியிருந்தார். மஃரிப் தொழுகைக்கு முன்னால் திரும்பி வந்தபோது கார் முழுக்கப் புழுதி, மச்சானின் முகம் முழுக்கச் சிரிப்பு. டிக்கியைத் திறந்து, பின் சில்லுகளின் சொக்கப்சர் தலையில் இருந்த இரண்டு திருகுகளுக்கும் நேரே வெள்ளைப் பெயின்றால் சின்னப் புள்ளி வைத்தார். அது என்ன என்று கேட்டேன்.

"நான் மட்டும் இரிந்து ஓடக்குள்ள திருகு இந்த இடத்தில நிக்கோணும் புள்ள. கார் தண்ணியில போற மாதிரிப் போகுது" என்றார்.

வாப்பா லொறியின் மறுபக்கம் நின்று சில்லின் நட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் நட்டுத் துடைக்கிற நாள் வெள்ளிக்கிழமை. அன்று வெள்ளிக்கிழமை இல்லை.

இஷா தொழுதுவிட்டு வந்து வாப்பா என்னைக் கூப்பிட்டார். கல்யாணம் முடிந்து நாற்பது நாள்கூட ஆகாத மாப்பிள்ளை வட்டைக்குள் தனியே திரிவது நல்லாயில்லை, ஊரில் நாலு பேர் நாலு விதமாகக் கதைப்பார்கள், பெண் வீட்டில் ஆளில்லையா என்று கேட்பார்கள். போகிற நேரமெல்லாம் ராத்தாவையும் உம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு போகட்டும். அப்படியே விருந்துக்குக் கூப்பிட்ட வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகப் போய்வந்ததாக இருக்கும். நான் கொண்டுபோய்ச் சொன்னேன். மச்சான் மறுப்பாரா? புது மாப்பிள்ளை எங்கே போனாலும் பெண் வீட்டு ஆட்களோடு போவதுதான் எங்கள் ஊர் வழக்கம். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அடுத்த நாளில் இருந்து எங்கள் பரிசோதனைகள் தொடங்கின. உலகத்தில் எந்தப் பந்தயக் காரும் அப்படி ஓடிப் பார்த்திருக்காது. முன் சீட்டில் ராத்தா தொப்பி மாதிரி ஹெல்மட்டைப் போட்டுக்கொண்டு இருப்பாள். உம்மா குழாய்களுக்குள்ளால் ஒரு காலை விட்டு, மறுகாலை எங்கே விடுவது என்று தெரியாமல் பிஸ்மி சொல்லிச் சொல்லி உள்ளே இறங்குவார். உம்மா நல்ல பாரமான ஆள். அவர் உட்கார்ந்ததும் காரின் பின்பக்கம் ஒரு முறை பெருமூச்சு விடும். அவருடைய மடியில் விருந்து வீட்டில் தந்துவிட்ட, தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பச் சட்டி. மிச்ச இடத்தில் நான். விருந்து வீட்டில் சாப்பிட்டு முடித்து, கட்டிக்கொடுத்த சோற்றுப் பார்சல்களையும் ஏற்றிக்கொண்டு வட்டைக்குப் போவோம்.

வெள்ளைப் புள்ளியில் இருந்த திருகு முதல் நாளே எங்கள் பாரத்துக்குச் சரிவரவில்லை. மேட்டில் ஏறி இறங்கியதும் கார் ஆடி ஆடி, பின்பக்கம் அடியில் போய் இடித்தது. உம்மாவின் தலை குழாயில் மோதியது. வட்டிலப்பத்தில் பாதி என் சட்டையில். மச்சான் இறங்கி டிக்கியைத் திறந்து இரண்டு பக்கமும் இரண்டு கிளிக் கூட்டினார். மறுபடி ஓடினார். உம்மா இப்போது கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் வயிறு இன்னும் கலங்குகிறது என்றார். இன்னும் ஒரு கிளிக். இப்படியே நாளுக்கு நாள், விருந்துக்கு விருந்து, திருகு வெள்ளைப் புள்ளியை விட்டு விலகிப்போனது. கடைசியில் ஒருநாள் அதே வரிவரியான பாதையில் கார் அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. சட்டி அசையவில்லை. உம்மா கண்ணயர்ந்துவிட்டார். பந்தயம் நம்முடையதுதான் என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

ஒவ்வொரு நாளும் திரும்பி வந்ததும் வாப்பா என்னிடம் விசாரிப்பார். எத்தனை கிளிக், கூட்டினாரா குறைத்தாரா, எங்கே வைத்துக் கூட்டினார். கேட்டுவிட்டுத் தலையை மட்டும் ஆட்டுவார். காரில் அக்கறையே இல்லாத மனிதர் என்று நினைத்திருந்த வாப்பா இவ்வளவு கேட்கிறாரே என்று எனக்குச் சந்தோசம். மச்சானிடமும் அதைச் சொன்னேன். மச்சான் சிரித்தார்.

பந்தயத்துக்குக் காரை ஏற்றிப்போக ஒரு வாகனம் தேவைப்பட்டது. தன்னுடைய லொறி எதற்கு இருக்கிறது என்று மச்சானிடம் கேட்டுவரும்படி வாப்பா என்னை அனுப்பினார். வாப்பாவே ஓட்டுவதாகவும் சொன்னார். உம்மாவும் ராத்தாவும் வீட்டில் நிற்பது என்று முடிவானது. ராத்தா மச்சானின் ஹெல்மட்டை என் கையில் தந்துவிட்டு, "நான் போனக் கையில வெச்சிட்டுத்தான் இரிப்பன். முடிஞ்ச உடனே எடு. வெண்டாரா தோத்தாரா எண்டு எனக்குச் சொல்லத் தேவல்ல" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு பந்தயக்காரரின் பெண்சாதி கதைக்கிற கதையா அது?

சுபஹ் தொழுத கையோடு புறப்பட்டோம். பின் சீட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, காரை லொறியில் ஏற்றி நாலு பக்கமும் கயிறு போட்டுக் கட்டியிருந்தார் வாப்பா. முன்னால் அவர் ஸ்டேரிங்கில், மச்சான் சன்னலோரம், நடுவில் ஹெல்மட்டை மடியில் வைத்துக்கொண்டு நான். இரண்டு பேருக்கும் இடையில் என்னுடைய அகலம்தான் தூரம். ஆனாலும் மரியாதை மரியாதைதானே. தண்ணீர் வேண்டுமா என்று மச்சானிடம் கேட்கும்படி வாப்பா என்னிடம் சொல்வார். வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லும்படி மச்சான் என்னிடம் சொல்வார். நான் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிச் சொல்வேன். அம்பாறை தாண்டி, காட்டு வழியில் யானை நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு போனோம். மச்சான் வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டு வந்தார்.

மலை ஏறுவதற்கு முன்னால் பாதை திருத்துகிற இடம் ஒன்று வந்தது. கல்லும் பள்ளமுமான அந்தத் துண்டில் லொறி ஆடாமல் அசையாமல் போனது. அதைக் கடந்ததும் வாப்பா பக்கக் கண்ணாடியில் பின்னால் நின்ற காரை ஒரு தரம் பார்த்தார். பிறகு பாதையில் இருந்து கண்ணை எடுக்காமல் என்னைக் கூப்பிட்டார்.

"புள்ள, மச்சானுக்குச் சொல்லு. லோடு இரிந்தாத்தான் லொறி அடங்கி ஓடும். லோட இறக்கிட்டா குதிக்கும். லொறிக்காரன் எனக்கு இது தெரியாம இல்ல. தெரிஞ்சிதான் உங்க எல்லாரையும் ஏத்தி அனுப்பினன் எண்டு சொல்லு."

நான் மச்சான் பக்கம் திரும்பி ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவர் பாடுவதை நிறுத்தியிருந்தார்.

"ஓம் எண்டு சொல்லுங்க. எனக்கும் தெரியும். மாமாக்குத் தெரியும் எண்டும் தெரியும்" என்றார்.

நான் வாப்பா பக்கம் திரும்பினேன். மச்சானுக்கும் தெரியுமாம், உங்களுக்குத் தெரியும் என்றும் அவருக்குத் தெரியுமாம் என்றேன். அந்த நேரம் வாப்பாவுக்கு கியர் சரியாக விழவில்லை. லொறி கரகரவென்று கத்தியது. வாழ்நாளெல்லாம் கியர் போட்ட மனிதருக்கு இது என்ன என்று நான் பார்த்தேன். ஒரு வளைவு தாண்டிய பிறகுதான் அடுத்த செய்தி வந்தது.

"அப்ப அவர்ட இஷ்டம் எண்டு சொல்லு."

சொன்னேன். மச்சான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பெரியவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் கடைசியில் லொறியைப் பற்றித்தான் கதைப்பார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டு நான் தூங்கிப்போனேன்.

பந்தயம் நடந்த இடம் ஒரு குன்றின் சரிவு. செம்மண்ணில் வளைத்து வளைத்துப் பாதை போட்டு, ஓரமெல்லாம் கயிறு கட்டியிருந்தார்கள். காரை இறக்கியதும் மச்சான் பாதையைக் கால்நடையாக ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். முன் சில்லுகளைச் சரிபார்த்தார். பிறகு பின்னால் வந்து டிக்கியைத் திறந்தார். நான் ஹெல்மட்டோடு பக்கத்தில் நின்றேன். வெள்ளைப் புள்ளி ஓரிடத்தில் இருந்தது, திருகு எங்கேயோ நின்றது. மச்சான் திருகின் மேல் கையை வைத்தார். வைத்தபடி தலையைத் தூக்கிப் பார்த்தார். அங்கே வாப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கழற்றிய கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நல்லாகச் சுருட்டியிருந்த ஒன்றை அவிழ்த்து மறுபடியும் சுருட்டினார். மச்சான் கையை எடுத்தார். டிக்கியை மூடினார்.

வெள்ளைப் புள்ளி, வெள்ளைப் புள்ளி என்று நான் சொன்னது இஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை என்றுதான் அன்று நினைத்தேன்.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. புறப்படும்போது மச்சான் முன்வரிசையில்தான் இருந்தார். முதலாவது வளைவு கழிந்து மேடுகள் தொடங்கியதும் காரின் பின்பக்கம் வெட்டுக்கிளி போலத் தாவத் தொடங்கியது. ஒவ்வொரு தாவலுக்கும் அவர் வேகத்தைக் குறைத்தார். தாவும் என்று முன்கூட்டியே தெரிந்தவர் மாதிரி, மேடு வருவதற்கு முன்னாலேயே குறைத்தார். ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போனார்கள். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். வாப்பா கயிற்றடிக்கே வரவில்லை. லொறியின் டயர்களைத் தட்டிக்கொண்டு நின்றார்; இஞ்சின்கள் எல்லாம் ஓய்ந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார். மச்சானுக்குப் பின்னால் இரண்டோ மூன்றோ கார்கள்தான் வந்தன.

நான் அழுதுகொண்டே போனை எடுத்தேன். எத்தனையாவதாக வந்தார் என்று ராத்தா கேட்கவில்லை. கார் கவிழவில்லைதானே என்று கேட்டாள். இல்லை என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். எனக்கு இன்னும் ஆத்திரம் ஏறியது. மச்சான் காரை விட்டு இறங்கியதும் அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"திருக வெள்ளப் புள்ளிக்கு விட மறந்துட்டீங்க மச்சான்" என்றேன்.

அவர் ஹெல்மட்டைக் கழற்றி என் கையில் தந்தார். தலைமயிரெல்லாம் செம்மண்.

"ஓம் புள்ள. மறந்துட்டன்" என்றார்.

வாப்பா எங்களுக்குப் பக்கத்தில் வந்தார். நான் செய்தி கேட்பதற்குத் தயாராக அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"மருமகன், வாங்க. பிளேன்டீ குடிச்சிட்டுப் போவம்" என்றார்.

இரண்டு பேரும் பக்கத்துக் கடைக்கு நடந்து போனார்கள். நான் பின்னால் ஹெல்மட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். திரும்பி வரும் வழியெல்லாம் அவர்கள் மழையைப் பற்றியும் பெற்றோலைப் பற்றியும் நேராகவே கதைத்துக்கொண்டு வந்தார்கள். கதை என் தலைக்கு மேலால் போய்வந்தது. பந்தயமும் போய், வேலையும் போய், நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன்.

மச்சான் வாக்கை நிறைவேற்றினார். அந்தக் கிழமையே கூட்டை அறுத்து எடுத்தார். உம்மா அந்தக் குழாய்களைக் கேட்டு வாங்கிப் பின் வளவில் நட்டுப் பாவற்கொடி படரவிட்டார். கார் வீட்டுக் காரானது. ராத்தாவின் பிள்ளைகள் பிறந்து வீட்டுக்கு வந்ததும், ஆஸ்பத்திரிக்குப் போனதும், அறுகம்பேக்குக் குளிக்கப் போனதும் அதில்தான். மச்சான் சொந்தமாகக் கராஜ் போட்டார். இன்றைக்குப் பந்தயம் ஓடுகிற பொடியன்மார் சொக்கப்சருக்காக அவரைத் தேடி எங்கேயிருந்தெல்லாமோ வருகிறார்கள். அவர் அவர்களுடைய காரில் ஏறி ஓடிப் பார்க்கவும் மாட்டார். பக்கத்தில் நின்று கேட்டுவிட்டுத் திருகுவார்.

மறதிக்கார மச்சானின் கதையை எத்தனை பேருக்கு நான் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. பெருநாளைக்குக் குடும்பம் கூடினால் பிள்ளைகள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். உம்மா குழாயில் தலை மோதிய இடத்தில் சிரிப்பார்கள், வட்டிலப்பம் கொட்டிய இடத்தில் சிரிப்பார்கள். ஓட்டத்துக்கு முன்னால் திருகை விட மறந்துபோனார் என்கிற இடத்தில் கூரை பறக்கும். மச்சானும் சேர்ந்து சிரிப்பார். வாப்பா மட்டும் அந்த இடம் வரும்போது லொறியில் ஏதோ பார்க்க வேண்டும் என்று எழும்பிப் போய்விடுவார். லொறியை விற்ற பிறகும், எதையாவது பார்க்க எழும்பித்தான் போனார்.

எனக்குச் சம்மாந்துறையில் வேலை கிடைத்தபோது மச்சான் வீட்டுக்கு வான் ஒன்று வாங்கியிருந்தார். பழைய காரை எனக்குத் தந்தார். வேலையில் சேர்ந்த முதல் நாள் நான் தனியே ஓட்டிக்கொண்டு போனேன். தார்ப்பாதை முடிந்து திருத்தாத துண்டு ஒன்று வந்ததும் காரின் பின்பக்கம் தாவத் தொடங்கியது. ஸ்டேரிங் கைக்கு நிற்கவில்லை. பயந்துபோய் ஓரமாக நிறுத்தினேன். முந்தின நாள்தான் உம்மாவையும் ராத்தாவின் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு இதே பாதையால் வந்திருந்தேன். அப்போது கார் தண்ணீரில் போகிற மாதிரிப் போனது. இறங்கி டிக்கியைத் திறந்தேன். புழுதியும் எண்ணெயும் படிந்து திருகு இறுகிப்போயிருந்தது. சீலைத் துண்டால் துடைத்தேன். வெள்ளைப் புள்ளி பழுப்பாக அங்கேயே இருந்தது. திருகு வட்டைக்குள் உம்மா கண்ணயர்ந்த அன்று எங்கே நின்றதோ அங்கேயே நின்றது.

வயல் கரையில் நின்றபடி, லொறியின் முன் சீட்டில் நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிச் சொன்ன சொற்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பொய் சொல்லத் தெரியாத வாப்பா, மகளுக்காக ஊர் வழக்கத்தைக் காட்டி ஒரு கள்ளத்தனம் செய்திருக்கிறார். பிறகு அதைத் தாங்க மாட்டாமல், ஓட்டத்துக்கு முன்னாலேயே, என் வாயால் அதைச் சொல்லிவிட்டிருக்கிறார். கூட்டின கிளிக்குகளைத் திருப்பி விட்டிருந்தால் மச்சான் வென்றிருப்பார். அவருக்குத் திருப்பத் தெரியும், திருப்ப நேரமும் இருந்தது, இஷ்டம் உங்களுடையது என்ற சொல்லும் வந்து சேர்ந்துவிட்டது. அந்தச் சொல்லை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொண்டுபோனது என்ன என்று அன்று எனக்குத் தெரியாது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அலுவலகத்துக்குப் பிந்திப் போனேன்.

அதற்கடுத்த பெருநாளில் பிள்ளைகள் வழமைபோலக் கதை கேட்டார்கள். ஆட்டுக்கூடு, வட்டிலப்பம், லொறி எல்லாம் சொல்லி வந்தேன். மச்சான் வாப்பாவுக்குப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தார். டிக்கியைத் திறந்த இடத்துக்கு வந்ததும் எனக்குச் சொல் நின்றுவிட்டது. மச்சான் ஊற்றுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். எழும்பப்போன வாப்பா, கதிரைக் கையைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். என்ன நடந்தது, மச்சான் என்ன செய்தார் என்று பிள்ளைகள் அவசரப்படுத்தினார்கள்.

"மறந்துட்டார்" என்றேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். மச்சான் கோப்பையை வாப்பாவிடம் நீட்டினார். அந்த வருடம் வாப்பா எழும்பிப் போகவில்லை.